பிற்பகல் வளையங்கள்

தொமியே: ...மெதுவா, மியாசகா-சான்! நேத்து காலையிலேருந்து தேய்ச்சது அது.

மியாசகா: போர் முடிஞ்ச மூணாம் வருஷத்துலேருந்து இந்தப் பரிசோதனை மேஜையில உக்காந்திருக்கேன். ஏழு வருஷம். ஒரு லென்ஸைக் கீழ போட்டிருக்கேனா?

தொமியே: போட்டதில்ல. லென்ஸ் தேறலன்னு சிவப்புச் சீட்டுதான் போடுவீங்க.

மியாசகா: குத்திக் காட்டுறீங்க.

தொமியே: பின்ன? இந்த மாசம் மூணு. மூணும் என் பேருல. ஒரே மாசத்துல நாலு சிவப்பு விழுந்தா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மியாசகா: தெரியும்... பாலிஷ் பெஞ்சு போயிடும்.

தொமியே: மறுபடியும் மணல் அறை. கரகரன்னு கரடுமுரடா அரைச்சுக்கிட்டு, மூக்குல வாயில மணலோட. நாலு வருஷம் அங்க கிடந்துதான் இந்த பெஞ்சுக்கு ஏறி வந்தேன். புஜிமோரி மேஸ்திரி காலையிலேயே சொல்லிட்டார், "இன்னிக்கு அஞ்சு மணிக்கு வந்து சீட்டைப் பாப்பேன், தொமியே"ன்னு.

மியாசகா: இப்ப மணி?

தொமியே: நாலு அடிச்சாச்சு.

மியாசகா: சரி, நேரம் இருக்கு. அந்த மரப் பிடியோடவே லென்ஸை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் வாங்க.

தொமியே: எதுக்கு? வளையம் பாக்கணும்னா விளக்கு இந்தப் பக்கம் இருக்கு.

மியாசகா: வளையம் அப்புறம். முதல்ல ஒண்ணு பாக்கணும். விதியில இல்ல, எனக்காக. நான் தாளைப் பிடிக்கறேன். நீங்க ஜன்னலுக்கு நேரா லென்ஸைத் தூக்கிப் பிடிங்க... கொஞ்சம் பின்னால... இன்னும்...

தொமியே: கை வலிக்குது.

மியாசகா: பொறுங்க... இன்னும் ஒரு விரக்கடை... நில்லுங்க! அசையாதீங்க!

தொமியே: ஐயோ... ஏரி!

மியாசகா: தலைகீழ் ஏரி. சுவா ஏரி மொத்தமும் என் உள்ளங்கையளவு தாள்ல. வானம் கீழ, பனிக்கட்டி மேல. சறுக்குற பிள்ளைங்க எல்லாம் கூரையில ஒட்டின ஈ மாதிரி ஓடுது பாருங்க.

தொமியே: அந்தச் சிவப்புக் கோட்டுப் பொண்ணு விழுந்துட்டா... இல்ல, எழுந்துட்டா... எது விழுறது எது எழுறதுன்னே தெரியல.

மியாசகா: அவ தலையில ரிப்பன் கட்டியிருக்கா. ரிப்பன் முடிச்சுகூடத் தெரியுது.

தொமியே: சும்மா புளுகாதீங்க.

மியாசகா: சரி, முடிச்சு தெரியல. ரிப்பன் தெரியுது. ஆனா ஓரத்தைப் பாருங்க, தொமியே-சான். அக்கரையில இருக்கற வெந்நீர்க் குளியல் கடைப் புகைபோக்கி... கோடு கிழிச்ச மாதிரி. சாதாரண லென்ஸ்ல ஓரம் கஞ்சி மாதிரி கலங்கிப் போகும். இது... இது வேற.

தொமியே: அதை இப்படிச் சொல்லிட்டு அப்புறம் சிவப்புச் சீட்டு எழுதுவீங்க.

மியாசகா: ஒரு கேள்வி. இந்த அட்டையால லென்ஸைப் பாதி மூடறேன். மூடிட்டா தாள்ல எந்தப் பாதி காணாமப் போகும்? வானமா, பனியா?

தொமியே: ரெண்டும் போகாது. மங்கும், அவ்வளவுதான்.

மியாசகா: ...எப்படித் தெரியும்? வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டிருக்கேன். எல்லாரும் வானம்னுவாங்க, இல்ல பனிம்பாங்க.

தொமியே: பாலிஷ் பண்றப்ப பாதி லென்ஸ் செம்பொடி அப்பிக்கிட்டு இருக்கும். கழுவுறதுக்கு முன்னாடி அப்படியே ஜன்னலுக்குப் பிடிச்சுப் பாத்திருக்கேன். ஏரி முழுசா வந்தது. அன்னிக்கு ராத்திரி முழுக்க அதையே யோசிச்சேன்... ஏரியோட ஒவ்வொரு பொட்டுலேருந்தும் வெளிச்சம் லென்ஸ் முழுக்க வந்து விழுது, இல்லையா? அப்ப லென்ஸோட எந்த மூலையை எடுத்தாலும் அதுகிட்ட முழு ஏரியும் இருக்கு. கொஞ்சமா இருக்கு, ஆனா முழுசா இருக்கு.

மியாசகா: தொழிற்பள்ளிக்கூடத்துல யாராவது உங்களுக்குப் பாடம் எடுத்தாங்களா?

தொமியே: நான் ஆறாவதோட நின்னவ. கிண்டல் பண்றீங்களா?

மியாசகா: இல்ல. நிஜமாத்தான் கேக்கறேன். வெளிச்சம் கண்ணாடியில நுழையுறப்ப ஏன் வளையுதுன்னு எங்க வாத்தியார் ரெண்டு நாள் கரும்பலகை நிறைய எழுதினார். எனக்குப் பாதிதான் ஏறிச்சு.

தொமியே: அது என்ன பெரிய விஷயம்? அங்க பாருங்க, தாள்ல இல்ல, வெளிய. பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் கைகோத்து ஒரே வரிசையா சறுக்கிட்டு வர்றாங்க.

மியாசகா: பாக்கறேன்.

தொமியே: வழுக்குற பனிக்கட்டி மேல வர்ற வரைக்கும் நேரா வரும் அந்த வரிசை. கரையோரம் பொதபொதன்னு பனி குவிஞ்சிருக்கு. அதுல கோணலா வந்து நுழையுறாங்கன்னு வெச்சுக்கங்க. எந்தப் பிள்ளை முதல்ல நுழையுதோ அதுக்குக் கால் இழுக்கும், வேகம் குறையும். மத்ததுங்க இன்னும் வேகமா ஓடிக்கிட்டு இருக்கும். கையை விடமாட்டாங்க. அப்ப என்ன ஆகும்?

மியாசகா: ...வரிசையே திரும்பும்.

தொமியே: கண்ணாடிக்குள்ள வெளிச்சம் மெதுவாப் போகுதுன்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. அப்ப இதுவும் அதேதானே? தப்பா?

மியாசகா: தப்பில்ல. எங்க வாத்தியார் இதைக் கேட்டிருந்தா சாக்குக்கட்டியை உங்க கையில குடுத்துட்டு வெளிய போயிருப்பார்.

தொமியே: நேர்குத்தா வந்து பனியில மோதினா எல்லாருக்கும் ஒரே நேரத்துல வேகம் குறையும். திரும்பமாட்டாங்க. அதான் லென்ஸுக்கு நட்டநடுவுல வர்ற வெளிச்சம் நேரா போயிடுது. ஓரத்துல வர்றதுதான் நல்லா வளைஞ்சு வரணும், நடுவுல வந்ததோட ஒரே இடத்துல சேரணும். அந்த ஓரத்துக்காகத்தான் நேத்திலேருந்து கீல் பூசின தேய்ப்புத் தட்டோட மல்லுக்கட்டினேன்.

மியாசகா: சேர்ந்திருக்கு. தாள்லயே தெரியுது. நில அளவைக்காரங்க இதைத் தொலைநோக்கியில மாட்டினா மூணு மலை தாண்டி நடுற கம்பைப் பாப்பாங்க.

தொமியே: ம்... போதும், இறக்கி வைக்கறேன். தள்ளிப்போட்டு என்ன ஆகப் போகுது. வளையத்தைப் பாத்துடுங்க.

மியாசகா: ...பாக்கலாம். மாதிரிக் கண்ணாடியை எடுத்து வெச்சாச்சு. பச்சை விளக்கு போட்டாச்சு. ஓரத்தை ரெண்டு விரல்ல பிடிச்சு... இதோ, லென்ஸை அது மேல வெச்சாச்சு. ரெண்டுக்கும் நடுவுல வளையம் விழுது.

தொமியே: எத்தனை?

மியாசகா: பொறுங்க, தூசி இருக்கான்னு... இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு...

தொமியே: மூணோட நிறுத்துங்க.

மியாசகா: ...நாலு. அஞ்சு.

தொமியே: அஞ்சா!

மியாசகா: மறுபடி எண்ணறேன்... அஞ்சுதான். மூணுக்கு மேல போனா விதிப்படி... 

தொமியே: ரிப்பன்கூடத் தெரியுதுன்னீங்களே, இப்பத்தான்!

மியாசகா: தாள்ல விழற படம் மன்னிக்கும், தொமியே-சான். வளையம் மன்னிக்காது. தலைமுடியில நூத்துல ஒரு பங்கு மேடு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். நடுவுல லேசா உப்பியிருக்கு. எனக்கே புரியல. உங்க கைக்கு இப்படி வராது...

தொமியே: பேனாவைக் கீழ வைங்க.

மியாசகா: எழுதித்தானே ஆகணும்.

தொமியே: வைங்கன்னா வைங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். இந்த மாசம் உங்ககிட்ட எத்தனை பெரிய லென்ஸ் குடுத்திருக்கேன்?

மியாசகா: இது எட்டாவது.

தொமியே: முன்ன குடுத்த ஏழுல நாலு வெள்ளை, மூணு சிவப்பு. அந்த நாலையும் எப்பக் குடுத்தேன்?

மியாசகா: அதெல்லாம் ஞாபகம்...

தொமியே: எனக்கு இருக்கு. நாலும் காலையில. ஒண்ணு மணி அடிச்ச உடனே, ரெண்டு பத்து மணிக்கு, ஒண்ணு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி. மூணு சிவப்பும் மூணு மணி டீக்கு அப்புறம். இதுவும் மூணு மணிக்கு அப்புறம்.

மியாசகா: தற்செயலா இருக்கும்.

தொமியே: கண்ணாடிக்கு மணி பாக்கத் தெரியாது, மியாசகா-சான்.

மியாசகா: சாயங்கால வெளிச்சத்துல...

தொமியே: ஜன்னலை மூடிட்டு பச்சை விளக்கைப் போட்டுத்தானே பாக்கறீங்க? அதுக்கு ஏது சாயங்காலம்?

மியாசகா: மத்தவங்க லென்ஸ் சாயங்காலம் தேறுதே! பக்கத்து பெஞ்சு ககுயோ நேத்து நாலரைக்குக் குடுத்தா. வெள்ளை.

தொமியே: ககுயோ தேய்க்கறது சட்டைப் பொத்தான் அளவு. சட்டுனு ஆறிடும். இது ஊறுகாய் ஜாடி மூடி அளவு. சூடு ஏறினா இறங்காது.

மியாசகா: ...சூடா? சூடு எங்கேருந்து வந்தது?

தொமியே: முதல்ல அது ஆறட்டும். பக்கத்துலயே போகாதீங்க. டீ ஊத்தறேன். நொசாவானாக் கீரை ஊறுகாய் கொண்டாந்திருக்கேன், இந்த வருஷம் நல்லா வந்திருக்கு.

மியாசகா: டீ போதும்.

தொமியே: ஊறுகாய் வேணாம்னு சொல்ற சுவா ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

மியாசகா: பசியில்ல.

தொமியே: மத்தியானமும் சோத்து டப்பாவைத் திறந்து பாத்துட்டு மூடினீங்களாமே. ககுயோ சொன்னா.

மியாசகா: ககுயோவுக்குத் தன் லென்ஸைப் பாக்கவே நேரம் போதல, என் டப்பாவை எதுக்குப் பாக்கறா?

தொமியே: டீ குடிச்சாச்சு, அதுவும் ஆறியிருக்கும். நகருங்க. நான் எடுத்து வைக்கறேன்.

மியாசகா: பாலிஷ் ஆளுங்க இந்த மேஜையைத் தொடக் கூடாது.

தொமியே: மணல் அறைக்குப் போகப் போறவளுக்கு என்ன விதி? என் கை நாள் முழுக்கத் தண்ணியில ஊறி, செத்த மீன் மாதிரி ஜில்லுனு கிடக்கு. இதோ, ரெண்டு விரல்ல, நீங்க பிடிக்கற மாதிரியே... வெச்சாச்சு. எண்ணுங்க.

மியாசகா: ஒண்ணு... ரெண்டு...

தொமியே: அப்புறம்?

மியாசகா: அப்புறம் இல்ல. ரெண்டு. ரெண்டும் காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி வட்டம்... தொமியே-சான், ஏழு வருஷத்துல இந்த மேஜைக்கு இப்படி ஒண்ணு வந்ததில்ல. ஒரு நெளிசல் இல்ல, ஒரு கோணல் இல்ல. குளத்துல கல்லு போட்டு, அது அப்படியே உறைஞ்ச மாதிரி...

தொமியே: புகழ்றது அப்புறம். இப்ப நீங்க எடுங்க. வழக்கம்போல.

மியாசகா: வேணாம்.

தொமியே: எடுங்க.

மியாசகா: ...எடுத்தேன். மறுபடி வெச்சேன்.

தொமியே: எண்ணுங்க.

மியாசகா: ...

தொமியே: சத்தமா.

மியாசகா: அஞ்சு.

தொமியே: ம்.

மியாசகா: அப்ப அந்த மூணு லென்ஸும்... தேய்ச்சதுல உப்பல. என் கைச்சூடு பட்டு உப்பியிருக்கு.

தொமியே: ஆமா.

மியாசகா: மூணு தடவை உங்க பேருல சிவப்பு எழுதினேன். என் கையால. நீங்க ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டுப் போனீங்க.

தொமியே: அதை விடுங்க. சீட்டை நாளைக் காலையில எழுதலாம். மேஸ்திரிகிட்ட விளக்கு சரியில்லன்னு சொல்லிடுவோம். காலையில உங்க கை...

மேஸ்திரி: என்னப்பா, பரிசோதனை அறையா, டீக்கடையா? ஊறுகாய் வாசனை படிக்கட்டு வரைக்கும் வருது!

தொமியே: வாங்க, மேஸ்திரி. அஞ்சு மணின்னீங்க...

மேஸ்திரி: அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம். என் கடிகாரம் உங்களுக்காக நிக்காது. மியாசகா, சீட்டைக் குடு. வெள்ளையா சிவப்பா?

தொமியே: இன்னும் எழுதல, மேஸ்திரி. விளக்கு கொஞ்சம்...

மியாசகா: வெள்ளை, மேஸ்திரி. இந்த மாசம் எழுதின மூணு சிவப்பும் தப்பு.

மேஸ்திரி: என்னது?

மியாசகா: அந்த மூணும் நல்ல லென்ஸ். தப்பு என் மேல. சூடான கையால எடுத்து வெச்சேன்.

தொமியே: மியாசகா-சான்...

மியாசகா: இருங்க, தொமியே-சான். நான்தான் சொல்லணும்.

மேஸ்திரி: சூடான கையா? ஏழு வருஷ ஆளுக்குத் தெரியாதா? இந்தக் குளிர்ல உன் கை எப்படிச் சூடாச்சு?

மியாசகா: ...காய்ரோ. சட்டைக்குள்ள வெச்சிருந்தேன். விரல் விறைச்சுப் போகுதேன்னு அப்பப்ப அதைப் பிடிச்சுக்கிட்டு...

மேஸ்திரி: காய்ரோ! கரி கனல்ற தகர டப்பாவை மடியில கட்டிக்கிட்டு, தலைமுடியில நூத்துல ஒரு பங்கு அளக்கறியா! அறிவிருக்கா? அடுப்புல உக்காந்துக்கிட்டு ஐஸ் எடை போடுற கதைதான்.

மியாசகா: மன்னிச்சுக்கங்க.

மேஸ்திரி: நகரு, கொஞ்சம் ஆறட்டும்... சரி, நான் பாக்கறேன். மர இடுக்கி எங்க? ...ம். ம்ம்.

தொமியே: எப்படி, மேஸ்திரி?

மேஸ்திரி: பேசாத... தொமியே, இதை நீயா தேய்ச்ச?

தொமியே: வேற யாரு, ஏரியில இருக்கற வாத்தா?

மேஸ்திரி: வாய்க்குக் குறைச்சலில்ல... நான் முப்பது வருஷமா கண்ணாடி தேய்க்கறேன். என் கையில இப்படி ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டே தடவை. அதுவும் அதிர்ஷ்டம்.

தொமியே: அப்ப பெஞ்சு...

மேஸ்திரி: உன் பெஞ்சை எவன் தொடுவான்? அந்த மூணுல ரெண்டு அலமாரியிலதான் இருக்கு, காலையில எடுத்து மறுபடி பாக்கறோம். ஒண்ணை மணல்ல போட்டு அரைச்சாச்சு... அதை நினைச்சா வயிறு எரியுது. மியாசகா, இனிமே இடுக்கிதான். கை பட்டுது, தொலைச்சுடுவேன்.

மியாசகா: சரி, மேஸ்திரி.

மேஸ்திரி: அந்தக் காய்ரோவை எடு. வெளிய கொண்டுபோய் வைக்கறேன்.

மியாசகா: ...இப்பவா?

மேஸ்திரி: இப்பத்தான். நீட்டு.

மியாசகா: அது... வந்து...

தொமியே: என்கிட்ட இருக்கு, மேஸ்திரி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கி வெச்சுட்டேன். இந்தாங்க.

மேஸ்திரி: பூப்போட்ட துணிப் பை! மியாசகா, இது உன்னோடதா?

மியாசகா: ...அக்கா தைச்சுக் குடுத்தது.

மேஸ்திரி: நல்ல அக்கா. விளக்கை அணைச்சுட்டுப் போங்க ரெண்டு பேரும்.

மியாசகா: ...போயிட்டாரா?

தொமியே: படிக்கட்டு இறங்கியாச்சு.

மியாசகா: அது உங்க காய்ரோ.

தொமியே: ஆமா. வயித்துல இப்பவே குளிர் ஏறுது. உங்களுக்கு அக்காவே கிடையாது.

மியாசகா: என்கிட்ட காய்ரோ இல்ல, காய்ச்சல்னு எப்பத் தெரியும்?

தொமியே: மூணாவது சிவப்பு அன்னிக்கு. டீக்கோப்பை கை மாறுறப்ப உங்க விரல் பட்டுது. கோப்பையைவிடச் சூடு.

மியாசகா: அப்பவே மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கலாமே. உங்க பெஞ்சு போக இருந்துச்சு!

தொமியே: சொன்னா உங்க ஸ்டூல் போகும். எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா கீல் தட்டுகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க எழுந்து நின்னு சொல்லுவீங்கன்னு நான் நினைக்கல... எத்தனை நாளா?

மியாசகா: புத்தாண்டுலேருந்து. காலையில ஒண்ணும் இருக்காது. மூணு மணிக்கு மேல கண்ணு எரியும், கன்னம் சுடும். ராத்திரி வேர்த்து ஊத்தும்.

தொமியே: இருமல்?

மியாசகா: அடக்கிக்குவேன்.

தொமியே: டாக்டர்?

மியாசகா: போகல. போனா நெஞ்சைப் படம் எடுப்பாங்க. நெஞ்சுல நிழல் இருக்கும்பாங்க. பேரை எழுதுவாங்க, பட்டறைக்குத் தாள் வரும். மலை மேல இருக்கற காசநோய் விடுதிக்கு அனுப்பிடுவாங்க.

தொமியே: அனுப்பட்டும். இப்ப ஊசி இருக்கு. முன்ன மாதிரி இல்ல.

மியாசகா: ஊசி சரி பண்ணும். அப்புறம்? அங்கேருந்து வந்தவன்னா தெருவுல அடுத்த பக்கமா நடந்து போறாங்க. அவன் குடிச்ச கோப்பையைத் தூக்கி எறியறாங்க. அவன் கையில யார் கண்ணாடியைக் குடுப்பாங்க? சொல்லுங்க, தொமியே-சான்... அந்த மலையிலேருந்து இறங்கி வந்து பட்டறையில வேலை பாக்கற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, இப்பவே கிளம்பறேன்.

தொமியே: கிழக்கு வரிசை, ஜன்னலோரம் ரெண்டாவது கட்டில், இருபத்தாறு மாசம் அங்க கிடந்தவ நான்தான். மேஸ்திரிகிட்ட அதைப் பட்டு ஆலையில இருந்த காலம்னு சொல்லி வெச்சிருக்கேன், யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க... கோட்டை மாட்டுங்க, டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பார், நானும் வர்றேன்; வழியில எல்லாம் சொல்றேன்... சாப்பாடு மகா மோசம், ஆனா ஜன்னல் நல்ல ஜன்னல்.